இடைவேளை வரை வெற்றி

கால்பந்து ரசிகனுக்கு எதிரணி மீது வரும் கோபத்தைவிட வர்ணனையாளர் மீது வரும் சந்தேகம் பெரியது. எதிரணி கோல் போடத்தான் வந்திருக்கிறது, அதை மன்னித்துவிடலாம். மைக் பிடித்து உட்கார்ந்திருப்பவர் யார் பக்கம் என்பதுதான் கடைசி வரை விளங்காது. எண்பதுகளின் பின்பாதியில், மதுரையில் எங்கள் கூட்டத்துக்கு இந்தச் சந்தேகம் முற்றிப்போயிருந்தது.

காரணம் இல்லாமல் இல்லை. தொலைக்காட்சியில் கொஞ்ச நேரம் ஆங்கிலத்தில் சொல்வார்கள், அடுத்து கொஞ்ச நேரம் இந்தியில். ஆங்கிலம் எங்களுக்குப் பாதி புரியும். இந்தியில் அந்தப் பாதியும் கிடையாது. ஆகவே உண்மையை எல்லாம் இந்தியில் சொல்லிவிட்டு, மிச்சம் மீதியைத்தான் நமக்கு ஆங்கிலத்தில் போடுகிறார்கள் என்று பழங்காநத்தம் டீக்கடையில் தீர்மானமே நிறைவேற்றியிருந்தோம்.

"நம்ம ஆளு பந்தை எடுத்தா அவன் மழை வெயிலப் பத்திப் பேசுறான் மாப்ள. வடக்கத்தி ஆளு எடுத்தா மட்டும் கத்துறான் பாரு" என்பான் என் நண்பன் முருகேசன். (மழை வெயில் என்பது இந்தி தெரியாத முருகேசனுக்கு எப்படித் தெரிந்தது என்று நான் கேட்கவில்லை. எனக்கும் அப்படித்தான் பட்டது.)

இந்த முருகேசனின் பெரியப்பா பெரியகருப்பன். தல்லாகுளத்தில் வீடு, கோர்ட்டில் தலைமை எழுத்தர், எனக்குத் தூரத்து உறவில் மாமா. அவர் மகள் வசந்தாவை எனக்குப் பேசினார்கள். ஜாதகம் பொருந்தி, பெண் பார்த்துவிட்டும் வந்தாயிற்று. எனக்கு அவளை ரொம்பப் பிடித்துவிட்டது. சாப்பாடு இறங்காத அளவுக்குப் பிடித்திருந்தது.

மாமா மட்டும் "யோசிச்சுச் சொல்றேன்" என்று மாதக்கணக்கில் யோசித்துக்கொண்டிருந்தார். வாழ்நாளெல்லாம் பொய்ச் சாட்சிகளைக் கேட்டுக் கேட்டு, யாரையும் நம்பாத மனிதராகிவிட்டவர். நான் முடி வெட்டிக்கொள்ளும் கடை வரை வந்து என்னைப் பற்றி விசாரித்துவிட்டுப் போயிருந்தார். என்னைத் 'தம்பி' என்றுதான் கூப்பிடுவார். அவர் வாயிலிருந்து 'மாப்ள' என்ற சொல் எப்போது விழும் என்று எங்கள் வீடே காத்துக் கிடந்தது.

அந்தச் சமயத்தில்தான் நம் மாநில அணிக்கும் வடக்கத்தி மாநிலம் ஒன்றுக்கும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆட்டம் என்று அறிவித்தார்கள். "பெரியப்பா வீட்டுல டிவி இருக்கு. வந்து உன் ஃபுட்பால் அறிவைக் காட்டு மாப்ள, ஆளு விழுந்துருவாரு" என்றான் முருகேசன். நானும் இஸ்திரி போட்ட சட்டையோடு கிளம்பிவிட்டேன்.

கறுப்பு வெள்ளைப் பெட்டி. தெருவே உள்ளே உட்கார்ந்திருந்தது. படம் அவ்வப்போது மேலிருந்து கீழாக உருளும், அப்போது பெட்டியின் பின்னால் இருக்கும் திருகைத் திருப்புவது வசந்தாவின் வேலை. அதனால் அவள் பெட்டியை ஒட்டியே உட்கார்ந்திருந்தாள். (நானும் பெட்டியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஆட்டத்தையும் பார்த்தேன்.)

ஒரு அணிக்கு மஞ்சள் சட்டை, மற்றதற்கு வெளிர்நீலம் என்றார்கள். பெட்டியில் இரண்டுமே சாம்பல்தான். நம்மவர்கள் வலது பக்கம் பார்த்து ஆடுகிறார்கள், அது ஒன்றுதான் அடையாளம். இந்தி ஆரம்பித்ததும் நான் தொண்டையைச் செருமினேன்.

"மாமா, இவன் சொல்றதை நம்பக்கூடாது. அவன் அந்தப் பக்கத்து ஆளு. சத்தத்தைக் குறைங்க, நானே சொல்றேன்."

மாமாவின் முகம் மலர்ந்தது. உலகத்தில் தன்னைப் போலவே சந்தேகப்படும் இன்னொரு ஜீவனை அன்றுதான் கண்டார் போல. "எனக்கும் ரொம்ப நாளா அந்த ஆளு மேல ஒரு இது உண்டு" என்று சத்தத்தைக் குறைக்கச் சொன்னார். எவ்வளவு குறைத்தாலும் அந்தப் பெட்டியில் ஒரு முணுமுணுப்பு மிச்சமிருக்கும். ஒட்டி உட்கார்ந்தால்தான் கேட்கும்.

நான் தமிழில் வர்ணிக்கத் தொடங்கிப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை, கரண்ட் போய்விட்டது.

யாரும் எழுந்து போகவில்லை. வர்ணனையாளர்கள் நாட்டுக்கு இழைக்கும் துரோகங்கள் குறித்து நான் பேச ஆரம்பித்தேன். புழுக்கத்தில், விசிறி மட்டையோடு, அத்தனை பேரும் கேட்டார்கள். கரண்ட் வந்து படம் தெரிந்தபோது எல்லோருக்கும் ஒரு யுகம் கடந்ததுபோல் இருந்தது. அதை நம்பி நான் ஒரு முடிவுக்கு வந்தேன்: முதல் பாதி முடிந்து, இரண்டாம் பாதி ஓடிக்கொண்டிருக்கிறது.

"பாதி முடிஞ்சதும் பக்கம் மாறிருவாங்க மாமா. இனிமே நம்ம ஆளுங்க இடது பக்கம் கோல் போடணும்."

மாமா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். சாவி கொடுத்து ஓடும் பழைய கடிகாரம். "ஆரம்பிச்சு அரை மணிதானே ஆகுது தம்பி? கணக்கு உதைக்குதே."

"உங்க கடிகாரம் மெதுவா ஓடுது மாமா" என்றேன். எப்படிச் சொன்னேன் என்று இன்றும் எனக்குப் புரியவில்லை. சுற்றியிருந்தவர்களும் "ஆமாண்ணே, எம்புட்டு நேரம் இருட்டுல கெடந்தோம்" என்றார்கள். (அது என் பேச்சின் மகிமை என்று அவர்கள் சொல்லவில்லை.) மாமா முக்காலி போட்டு ஏறி, முள்ளை அரை மணி முன்னால் தள்ளிவைத்தார்.

அடுத்த சில நிமிடங்களில் இடது பக்க வலையில் பந்து விழுந்தது. "கோல்! நமக்கு கோல்!" என்று நான் குதித்தேன். வீடு அதிர்ந்தது. கொஞ்ச நேரத்தில் விசில் ஊதி, ஆட்டக்காரர்கள் வெளியே நடந்தார்கள்.

"ஜெயிச்சாச்சு மாமா! அணைச்சிருங்க. இனிமே அவன் நம்மளப் பத்தி நல்லதாச் சொல்லவா போறான்?"

வசந்தா ஏதோ சொல்ல வந்தவள் போல நிமிர்ந்தாள். அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள். அதை வெட்கம் என்று எடுத்துக்கொண்டேன்.

மாமா பெட்டியை அணைத்தார். ஜிலேபி வாங்கிவரச் சொல்லித் தெருவுக்கே கொடுத்தார். எனக்கு மட்டும் தன் கையால் ஒன்றை நீட்டி, "எடுத்துக்கங்க மாப்ள" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மறுநாள் சாயங்காலம் அவர் எங்கள் வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்தினார். கையில் செய்தித்தாள். கூண்டில் ஏற்றாத குறையாக விசாரணை நடந்தது.

"தம்பி, கோல் போட்டது யாரு?"

தம்பி! மறுபடியும் தம்பி ஆகிவிட்டேன். "நம்மதான் மாமா."

"கண்ணால பாத்தீங்களா?"

"பாத்தேன் மாமா."

செய்தித்தாளை நீட்டினார். நாம் நாலு கோலில் தோற்றிருந்தோம். இடைவேளைக்கு முன் ஒன்று, பின்னால் மூன்று. நான் குதித்தது எதிரணியின் முதல் கோலுக்கு. மற்ற மூன்றும் நாங்கள் ஜிலேபி தின்னும்போது விழுந்தவை.

"பேப்பர்காரனும் அந்த இந்திக்காரனும் ஒரே கூட்டமா இருக்கும் மாமா" என்றேன். (வாயை மூடிக்கொண்டிருக்கலாம்.)

"காலையில கோர்ட்டுக்கு அரை மணி முந்திப் போயி, பூட்டுன கேட்டு முன்னாடி வாட்ச்மேன் கணக்கா நின்னேன். முப்பது வருசமா ஒரு நிமிசம் பெசகாத கடிகாரம் தம்பி. அதையே பொய்ச் சாட்சி ஆக்கிட்டீங்களே!"

சைக்கிள் போய்விட்டது. கல்யாணமும் அதன் பின்னாலேயே போய்விட்டது என்று அம்மா அழுதாள். நான் இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை.

மூன்றாம் நாள் முருகேசன் ஓடிவந்தான். பெரியப்பா வீட்டில் நடந்ததை மூச்சு வாங்கச் சொன்னான். "இந்த வரன் வேணாம்" என்று அவர் சொல்ல, வசந்தா சொன்னாளாம்: "எனக்கு அன்னைக்கே தெரியும்ப்பா. எடவேளைன்னு இந்தியில சொன்னாங்க, கேட்டுச்சு." அவள் பள்ளிக்கூட நாளிலிருந்து இந்தி டியூஷன் போனவள். எங்கள் தீர்மானத்தில் இப்படி ஒரு ஆள் இருக்கக்கூடும் என்று நாங்கள் யோசித்ததே இல்லை.

"அப்பவே ஏன் சொல்லல?" என்று மாமா கேட்டாராம்.

"நீங்க ஒருத்தரை நம்பி நான் பாத்ததே இல்லப்பா. அன்னைக்கு அம்புட்டு சந்தோசமா இருந்தீங்க, கெடுக்க மனசு வரல. அவரு பொய் சொல்லல. அவருக்கு நெசமாவே ஒண்ணும் தெரியல."

மாமா எழுந்து போய்க் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தாராம். பிறகு, "பொய் சொல்றவனைத்தான் தெனம் பாக்குறேன். ஒண்ணும் தெரியாதவனா இருந்தா பரவாயில்ல" என்றாராம். இப்படி ஒரு தீர்ப்பில்தான் எனக்குக் கல்யாணம் ஆனது.

மூன்றாவது முடிச்சு விழுந்ததும் மாமா ஐயரிடம் குனிந்து, சபைக்கே கேட்கும்படி, "முடிஞ்சிருச்சா சாமி? நல்லாப் பாத்துச் சொல்லுங்க. மாப்ள எடவேளையில எந்திரிச்சுப் போயிருவாரு" என்றார். அன்றிலிருந்து கல்யாண வீடோ சினிமாவோ, நான் நாற்காலியை விட்டு எழுந்தால் யாராவது ஒருவர், "எடவேளைதான், உக்காருங்க" என்பார்கள். என் மகளின் புகுந்த வீட்டுக்காரர்கள் வரை கற்றுக்கொண்டுவிட்டார்கள்.

அதையெல்லாம் தாங்கிக்கொள்ளலாம். வீட்டில் சண்டை வரும்போதுதான் கஷ்டம். நான் நாலு நியாயம் எடுத்துவைத்து, வசந்தா பதில் சொல்லாமல் நின்று, ஜெயித்துவிட்டோம் என்று நான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொள்ளும் நேரத்தில், அடுப்பைச் சின்னதாக்கிவிட்டு அவள் நிதானமாகச் சொல்வாள்: "இருங்க, இப்பத்தான் பாதி முடிஞ்சிருக்கு." இரண்டாம் பாதியில் நான் இதுவரை ஒரு கோலும் போட்டதில்லை.