கர்னலம்மாவுக்கு ஒரு நன்றியுரை

திருவொற்றியூரில் மனிதர்கள் இரண்டே வகை: கர்னலம்மாவிடம் திட்டு வாங்கியவர்கள், வாங்கப் போகிறவர்கள்.

ஐம்பதுகளின் தொடக்கத்தில் அங்கே ஒரு தொழிற்சாலை மருந்தகத்தில் நான் நர்ஸாகச் சேர்ந்தபோது அவர்தான் தலைமை நர்ஸ். யுத்த காலத்தில் ராணுவ ஆஸ்பத்திரியில் இருந்தவர் என்பதால் அந்தப் பெயர். அவரைப் போர்முனைக்கே அனுப்பியிருந்தால் யுத்தம் சீக்கிரமே முடிந்திருக்கும் என்பது என் அபிப்பிராயம்.

டாக்டர் எப்போதாவது வருவார். மற்ற நேரமெல்லாம் கர்னலம்மா ராஜ்யம். வயிற்றுவலி என்று லீவு கேட்டு வருகிறவனிடம், "நாக்க நீட்டு" என்பார். உற்றுப் பார்ப்பார்.

"வவுத்துல ஒண்ணும் இல்ல. வாயிலதான் பொய் கீது. போய் வேலையப் பாரு நைனா."

நிஜமாகவே காய்ச்சலோடு வருகிறவனுக்கும் திட்டில் குறைவில்லை. "நெருப்பா கொதிக்குது ஒடம்பு, மிஷினாண்ட நின்னுகினு இருந்தியா? வூட்ல பொண்டாட்டி புள்ள இல்ல உனுக்கு?"

ஒருநாள் முனுசாமி என்ற தொழிலாளியின் கை இயந்திரத்தில் சிக்கிவிட்டது. தூக்கிக்கொண்டு வந்தார்கள். நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்து சில வாரங்களே ஆகியிருந்தன எனக்கு. அப்படி ரத்தம் பீறிட்டு நான் பார்த்ததில்லை. என் கால்கள் தாமாகவே வாசல் பக்கம் திரும்பின.

"ஏய் பொண்ணே! இங்க வந்து அழுத்திப் புடி. கைய எடுத்தே, அப்பால உன் கைய நான் எடுத்துருவேன்!"

பிடித்தேன்.

ஆம்புலன்ஸ் வர நேரமாகும் என்றார்கள். வெளியே மேனேஜரும் அவர் மனைவியும் கிளப்புக்குப் போகக் காரில் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். கர்னலம்மா கார்க் கதவைத் திறந்தார்.

"அம்மா, கொஞ்சம் எறங்குங்க."

அந்த அம்மாள் இறங்கிவிட்டார். மேனேஜர் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"நீங்களுந்தான் சார்."

ஆஸ்பத்திரி வரைக்கும் ஒரே சத்தம். டிரைவரிடம் வேகமாகப் போகச் சொல்லி, மாட்டுவண்டிக்காரர்களிடம் ஒதுங்கச் சொல்லி, முனுசாமியிடம் தூங்காதே என்று, என்னிடம் விழாதே என்று. மயக்கம் போட எனக்கு அவகாசமே கிடைக்கவில்லை. முனுசாமியின் கை பிழைத்தது.

மறுநாள் மேனேஜர் அழைத்தார். கர்னலம்மாவுக்கு வேலை போயிற்று என்றே எல்லோரும் நினைத்தோம். நானும் கூடப் போய்ச் சுவரோரம் நின்றேன்.

"யாரைக் கேட்டுக் காரை எடுத்தீங்க?"

"முனுசாமியக் கேட்டேன் சார். போலாம்னான்."

மேனேஜர் மேஜைமேல் இருந்த தாளை மடித்து வைத்தார். பிறகு, "அவன் இப்ப எப்படி இருக்கான்?" என்று கேட்டார். அதோடு விசாரணை முடிந்தது.

சில வருஷங்கள் கழித்து கர்னலம்மா ஓய்வு பெற்றார். தொழிற்சாலை வளாகத்தில் பந்தல் போட்டார்கள். மேனேஜரே தலைமை. "இந்த அம்மையாரின் தியாகம்..." என்று ஆரம்பித்தார்.

"சார், ஆளுங்க வெயில்ல நின்னுகினு கீறாங்க. சுருக்கா முடிங்க."

முடித்தார். அடுத்து முனுசாமி அழுதுகொண்டே மாலையோடு வந்தான்.

"மொதல்ல மூக்க சிந்து. அப்பால மாலையப் போடு."

நன்றியுரை என்னுடையது. "மதிப்பிற்குரிய..." என்று தொடங்கினேன்.

"இது எப்ப முடியறது? ஒக்காரு பொண்ணே."

உட்கார்ந்தேன்.

மாலையில் அவருடைய பையைத் தூக்கிக்கொண்டு பஸ் நிறுத்தம் வரை போனேன்.

"சிஸ்டர், அங்கதான் பேச விடல. இங்கயாவது சொல்றேனே."

"பஸ் வர வரிக்கும் சொல்லு."

சொன்னேன். அன்றைக்கு அவர் அதட்டியிருக்காவிட்டால் அப்படியே ஊருக்கு ரயிலேறியிருப்பேன் என்றேன். இப்போதும் ரத்தத்தைப் பார்க்கும்போதெல்லாம் அவருடைய குரல்தான் காதில் விழுகிறது என்றேன். அவர் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் போக வேண்டிய ராயபுரம் பஸ் வந்து நின்றது. கண்டக்டர், "வாங்கம்மா" என்றார்.

"நீ போ நைனா. நான் அடுத்த வண்டில வரேன்."

பஸ் போயிற்று. கர்னலம்மா என் பக்கம் திரும்பாமலே கேட்டார்:

"ம்... அப்பால?"