நீக்கல் கடிதத்தில் நான்கு பிழைகள்

இர்பிதில் நலமாக இருக்கும், இறைவன் அருளால் நலமாகவே இருக்க வேண்டிய முன்திர் அண்ணனுக்கு, அம்மானிலிருந்து தங்கை இப்திஹால் ஸலாம் சொல்லி எழுதுவது.

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக அச்சகத்துக்குப் போய், என்னை வேலையை விட்டு நீக்குங்கள் என்று முதலாளி ரிஃப்அத்திடம் கெஞ்சினேன். போன மாதமே நீக்கியாயிற்று என்பது உங்களுக்குத் தெரியும். கல்யாணப் பத்திரிகைகளில் பதினேழு வருஷம் பிழை பார்த்தவள் நான். அவர் எழுதிக் கொடுத்த கடிதத்தில் "நீக்கப்பட்டார்" என்பது மொட்டையாக இருந்தது. பழக்கதோஷத்தில் சிவப்புப் பேனாவை எடுத்து "தம் விருப்பப்படி விடைபெற்றார்" என்று திருத்தினேன். அவரும் அப்படியே மறுபடி டைப் அடித்துக் கையெழுத்துப் போட்டார். நேற்று வேலையிழந்தோர் உதவித்தொகை அலுவலகத்தில் இருந்த பெண் அதைப் படித்துவிட்டு, "விருப்பப்பட்டுப் போனவங்களுக்கு உதவித்தொகை கிடையாதுக்கா. வேற கடிதம் கொண்டாங்க. நாளைக்கு ரெண்டு மணியோட கடைசி" என்றாள். தொகை இல்லையென்றால் வீட்டைக் காலி செய்துவிட்டு உங்களிடம்தான் வரவேண்டும். சமர் அண்ணி எனக்காக மெத்தை வாங்கிவிட்டதாகக் கேள்வி. அவர் நல்லவர்தான், அண்ணா. ஆனால் நாங்கள் இருவரும் ஒரே சமையலறையில் நின்றால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

ரிஃப்அத்தோ ஏலக்காய் மணக்கக் காபி ஊற்றிக்கொண்டே, "உன்னைத் துரத்திட்டேன்னு என் கையால எழுதவா? என் பொண்டாட்டி கேள்விப்பட்டா சோறு போடமாட்டா" என்கிறார். "நீங்கதானே போன்னு சொன்னீங்க?" "சொன்னது வேறம்மா, எழுதறது வேற." இப்படியே பதினொன்று ஆயிற்று, பன்னிரண்டு ஆயிற்று, கடைசியில் நான் அழுதேவிட்டேன், அவர் பதறிப்போய் "நடத்தை சரியில்லாததால் நீக்கினோம்" என்று எழுதி நீட்டினார். "ஐயோ, இதுக்கும் குடுக்கமாட்டாங்க, கிழிங்க!" என்று கத்தினேன். அடுத்ததில் "வேலை குறைந்ததால் நீக்கினோம்" என்று சரியாகவே வந்தது. ஆனால் ஐந்து வரியில் நான்கு எழுத்துப்பிழை. மணி ஒன்றேகால். அடித்தல் திருத்தல் இருந்தால் வாங்கமாட்டார்கள். டாக்ஸியில் என் வலது கை தானாகப் பைக்குள் பேனாவைத் தேடியது. அந்தக் கையின்மேல் உட்கார்ந்துகொண்டு போனேன்.

ஒன்று ஐம்பதுக்கு அந்தப் பெண் கடிதத்தைப் படித்தாள். இன்னொருமுறை படித்தாள். "பிழை பாக்கிற வேலைன்னு போட்டிருக்கீங்க. இதுல இத்தனை பிழை இருக்கே?"

"அதனாலதாம்மா நீக்கிட்டாங்க" என்றேன்.

முத்திரை குத்திவிட்டாள்!

ஆகவே நான் இர்பிதுக்கு வரவில்லை. மெத்தையை விருந்தாளிகளுக்கு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அண்ணிக்கு என் அன்பு. குழந்தைகளின் கண்ணில் முத்தம். உங்கள் முழங்கால் வலியை இறைவன் சீக்கிரம் எடுத்துக்கொள்வானாக.

தங்கை,
இப்திஹால்

பி.கு.: இந்தக் கடிதத்தை அண்ணியிடம் இப்போதைக்குப் படித்துக் காட்ட வேண்டாம். உறையை ஒட்டுமுன், அந்தப் பெண் முத்திரை குத்திக் கொடுத்த ரசீதை எடுத்துப் பார்த்தேன். பெயர் இப்திஹால் என்று இல்லை, இஹ்தியால் என்று அச்சாகியிருக்கிறது. இரண்டே எழுத்து. 'மன்றாட்டு' என்று அப்பா வைத்த பெயர் 'மோசடி' ஆகிவிட்டது. திருத்தச் சொன்னால் புது விண்ணப்பம் போடச் சொல்வார்கள், கடைசி நாளோ முடிந்துவிட்டது. ஒரு மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன், இன்னும் யாரிடமும் வாய்விட்டுச் சொல்லவில்லை: நான் அந்தப் பிழையைப் பார்க்கவில்லை.