தங்கள் மகளின் கொண்டை ஊசி எங்கள் மோட்டாருக்குள் போன விவரம்

பினாங்குத் தெரு, ஜார்ஜ் டவுன்
12 மார்ச்சு 1934

பாலிக் புலாவ் ஜாதிக்காய்த் தோட்டம் ஜனாப் சீனி முகம்மது அவர்கள் சமூகத்திற்கு, தொப்பிக் கடை காஜா மொய்தீன் அநேக ஸலாம் சொல்லி எழுதிக்கொள்வது. இவ்விடத்தில் நாங்கள் எல்லோரும் ஆண்டவன் கிருபையால் சுகம். அவ்விடத்தில் தங்கள் சுகத்தையும், தங்கள் வீட்டார் சுகத்தையும், முக்கியமாகத் தங்கள் பெரியண்ணன் அவர்களுடைய முன்பல்லின் சுகத்தையும் அறிய ஆவலாயிருக்கிறேன்.

நிற்க. வெள்ளிக்கிழமை மாலை தாங்கள் எங்களை வாசலில் நிறுத்தி, "இந்தச் சம்பந்தம் வேணாம், மோதிரத்தைப் பின்னாலே அனுப்பிவிடுறேன்" என்று சொன்னபோது நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் எங்கள் வண்டி கிளம்பிவிட்டது. பதினைந்து நாளாகக் கிளம்பு கிளம்பு என்று கெஞ்சியபோதெல்லாம் கிளம்பாத வண்டி, நான் பேச வேண்டிய நேரத்தில்தான் ஒரே சுற்றில் கிளம்பிற்று. ஆகவே சொல்ல வந்ததை எழுத்தில் வைக்கிறேன். தாங்கள் கோபத்தைச் சற்று ஓரமாக வைத்துக் கடைசி வரை படிக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மூலம் நான். என் மகன் பஷீருக்கு மோட்டார் வேலையில் உள்ள பித்து தாங்கள் அறிந்ததே. என்ஜினுக்குள் வால்வு என்று காளான் மாதிரி ஒன்று இருக்கிறதாம், அது திறந்து மூடினால்தான் வண்டி மூச்சு விடுமாம், அதை இழுத்து மூடி வைக்க ஒரு ஸ்பிரிங், ஸ்பிரிங் கழன்றுவிடாமல் அடியில் குறுக்கே ஒரு சின்ன ஆணி. அந்த ஸ்பிரிங்கைக் கையால் அமுக்க எந்தப் பயில்வானாலும் ஆகாது, அதற்கென்று ஒரு கருவி உண்டு, நான் பீச் தெருப் பக்கம் போகிறேன் என்றதும் அதை வாங்கி வரச் சொன்னான். கடையில் அர்ஜுனன் என்ற பிள்ளையாண்டான், "ஐயா, உங்க மோட்டார் கெரேத்தாவுக்கு வால்வு பக்கத்திலே இருக்கா, தலையிலே இருக்கா?" என்று கேட்டான். முப்பது வருஷமாகத் தலைக்குத் தொப்பி விற்பவனிடம் தலையா பக்கமா என்று கேட்டால் என்ன சொல்லுவான்? "தலைதான்" என்றேன். அவன் இரண்டைக் காட்டினான். ஒன்று ஆட்டுக்கொம்பு போல இரண்டு பல்லும் நீளக் கைப்பிடியும் உள்ள நெம்புகோல், பார்க்க ஏழையாக இருந்தது. மற்றது நண்டு கொடுக்கு மாதிரி வளைந்து, திருகு வைத்து, பளபளவென்று மின்னியது. பரிசப் பயணத்துக்குப் போகிற வண்டியாயிற்றே என்று மின்னியதை வாங்கினேன். பஷீர் அதைப் பிரித்துப் பார்க்கவில்லை. அத்தா வாங்கினால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பி வண்டியில் போட்டான். பெற்ற தகப்பனை நம்பியது மட்டுமே அவன் செய்த குற்றம்.

மாப்பிள்ளை பரிசத்துக்கு வரும் வழக்கம் நம்மில் இல்லை என்று தாங்கள் முகம் சுளித்தீர்கள். எனக்கும் தெரியும். ஆனால் அந்த வண்டியை அவனைத் தவிர வேறு யாராலும் ஓட்ட முடியாது, அது அவனோடு மட்டும்தான் பேசும். மலைப் பாதையில் பாதி ஏறும்போதே என்ஜினில் ஒரு மூச்சுக் குறைந்தது. "ஸ்பிரிங் ஒடிஞ்சிருச்சு அத்தா, மூணு காலிலே ஏறுது" என்றான். மூன்று காலில் ஏறிய வண்டி தங்கள் வீட்டு வாசல் மேட்டில், வாயிற்கதவுக்கு நட்ட நடுவில் வந்து படுத்துக்கொண்டது. பின்னால் தங்கள் பிரியாணித் தேக்சாக்கள் ஏறி வந்த மாட்டு வண்டி. அதற்குப் பின்னால் துஆ ஓத வந்த லெபை சாகிபு ரிக்‌ஷாவில். பட்டுக் கைலி கட்டிய நாங்கள் நாலு பெரியவர்கள் தள்ளிப் பார்த்தோம், வண்டி எங்களைத் தள்ளியது. வேறு வழி என்ன? பஷீர் சட்டைக் கையை மடித்தான்.

மாற்று ஸ்பிரிங் அவனிடம் இருந்தது. நான் வாங்கிய கருவியை எடுத்தான். அது உள்ளே போகவேயில்லை. பஷீர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "அத்தா, இது தலையிலே வால்வு இருக்கிற வண்டிக்குத்தான்லா. நமக்குப் பக்கத்திலே" என்று மெதுவாகச் சொன்னான். அந்த மெதுவுக்கே நான் பாதி செத்தேன். பிறகு அவன் தங்கள் சமையற்கட்டு ஜன்னல் பக்கம் திரும்பி, "ரெண்டு பல்லு வச்ச இரும்பு ஏதாச்சும் இருக்குமா?" என்று பொதுவாகக் கேட்டான். பொதுவாக என்பதைக் கவனிக்கவும். ஜாதிக்காய்ப் பெட்டிகளில் ஆணி பிடுங்கும் இரும்பு ஒன்று ஜன்னல் வழியே நீண்டது. நான் கண்டது ஒரு கையும் மூன்று வளையலும் மட்டும். என் மகன் அதைக்கூடக் காணவில்லை, அவன் தலை என்ஜினுக்குள் இருந்தது.

அந்த இரும்பு அளவெடுத்துச் செய்தது போல உட்கார்ந்தது. மேல் மூடியைத் திருகி எடுத்து, வால்வு மேலே எழும்பாமல் என் குடை நுனியால் அழுத்திப் பிடிக்கும் வேலையை எனக்குக் கொடுத்தான். ஒடிந்தது வெளியே வந்தது, புதியது உள்ளே போனது, பல் ஸ்பிரிங்கைத் தூக்கிப் பிடித்தது, ஆணியை நுழைக்கப் போகிறான், "அசையாதீங்க அத்தா, அசையாதீங்க" என்கிறான், அந்த நேரம் பார்த்துத் தேக்சா மூடியைத் திறந்து யாரோ மசாலா வாசத்தை விட்டார்கள். நான் தும்மினேன். குடை போயிற்று, இரும்பு நழுவிற்று, ஸ்பிரிங் துள்ளி என் தொப்பியைத் தட்டிவிட்டது, ஆணி போன திசை யாருக்கும் தெரியவில்லை. நாங்கள் அத்தனை பேரும் முற்றத்தில் குப்புற விழுந்து புல்லை விலக்கித் தேடினோம். அப்போதுதான் தாங்கள் வெளியே வந்து, "அஸர் தொழுகைக்கு இன்னும் நேரம் இருக்கே, அதுவும் என்ன கிழக்கே பார்த்து?" என்று கேட்டீர்கள். அது கேலியா கோபமா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

இனி கொண்டை ஊசி. தாங்கள் உள்ளே போனதும் ஜன்னலிலிருந்து ஒரு குரல், "எவ்வளவு கனமான ஆணி?" என்றது. பஷீர், "தீக்குச்சியை விடக் கொஞ்சம் மெலிசு. ஆனா உருக்கா இருக்கணும்" என்றான். பிறகு, "வளைச்சு ரெண்டா மடிச்சா தாங்குமா?" என்றது குரல். இதைக் கேட்டதும் பஷீர் தலையை என்ஜினிலிருந்து வெளியே எடுத்தான். அந்த ஒரு கணத்தை நான் மறைக்க விரும்பவில்லை, எடுத்தான். அதே வளையல் கை ஒரு கொண்டை ஊசியை ஜன்னற்கட்டையில் வைத்துவிட்டு மறைந்தது. இவன் அதை எடுத்தான், மடித்தான், நறுக்கினான், நுழைத்தான். வண்டி கிளம்பி வழிவிட்டது. பிரியாணியும் லெபை சாகிபும் உள்ளே வந்தார்கள், மோதிரமும் கொடுத்தாயிற்று. இதுவரை நடந்ததில் யாருக்கு என்ன நஷ்டம்?

தங்கள் பெரியண்ணன் ரோஜா சர்பத்தை ஒரே மூச்சில் குடித்திருக்காவிட்டால் நஷ்டமே இல்லை. பறந்துபோன ஆணி வராந்தாவில் இருந்த சர்பத்துச் சட்டிக்குள் இருக்கும் என்று எந்த மனிதன் நினைப்பான்? கடக் என்று சத்தம் கேட்டது. அவர் வாயிலிருந்து முதலில் ஆணி வந்தது, அப்புறம் பல்லில் பாதி வந்தது. தாங்கள் ஆணியைக் கையில் வாங்கி, "ஆணி இங்கே இருக்குன்னா, அங்கே உள்ளே இருக்கிறது என்ன தம்பி?" என்று கேட்டீர்கள். கேட்டது நியாயம். வேறொரு பிள்ளையாயிருந்தால், கம்பி மாமா என்று சொல்லித் தப்பித்திருப்பான். என் பிள்ளை பொய் சொல்லி வளர்ந்தவனல்ல. "உங்க மக கொண்டை ஊசி மாமா. நல்ல உருக்கு" என்றான். நல்ல உருக்கு என்று சேர்த்துச் சொன்னதை அவன் தவிர்த்திருக்கலாம்.

ஆக, தங்கள் மகள் காமாரியாவுக்கும் என் மகனுக்கும் முன்பே பழக்கம் என்று தாங்கள் நினைப்பது தப்பு. நடந்தது ஒரு உதவி. பல்லுக்கான வைத்தியம் என் பொறுப்பு. தங்களுக்கு மோட்டார்தான் குறை என்றால் அதையும் இன்றோடு தீர்த்துவிட்டேன். பஷீர் என் முன்னால் நின்று, இனி எந்த என்ஜினையும் தொடுவதில்லை என்று ஒப்புக்கொண்டுவிட்டான். நாளை முதல் கடையில் உட்கார்ந்து தொப்பி விற்பான். இதற்கு நான் ஜாமீன். தாங்கள் மனம் இரங்கி ஒரு வரி பதில் எழுத வேண்டும்.

தங்கள் தோட்டமும் துரவும் செழிக்கவும், தங்கள் வீட்டார் எல்லோரும் நோய் நொடியின்றி நீடித்து வாழவும் துஆச் செய்யும்,
காஜா மொய்தீன்

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போடும் சமயம் தங்கள் வீட்டம்மா ஹாஜரா அவர்கள் தங்கள் வண்டியில் வந்து இறங்கினார்கள். மோதிரத்தைத் திருப்பிக் கொடுக்கத் தாங்கள் அனுப்பியதாகச் சொன்னார்கள். பஷீர் நல்லபடியாகத் தொப்பிதான் அடுக்கிக்கொண்டிருந்தான். வண்டிச் சத்தத்தைக் கேட்டதும் கையில் தொப்பியோடு வெளியே போய், "மாமி, டிக் டிக்னு அடிக்குதே, எத்தனை நாளா?" என்றான். "ஆறு மாசமா தம்பி. உங்க மாமாகிட்ட சொன்னா என் காதுதான் கோளாறுங்கிறார்" என்றார்கள். அதற்குப் பிறகு என் கையில் ஒன்றும் இல்லை. தங்கள் என்ஜின் இப்போது பினாங்குத் தெருவில், என் கடை வாசலில், பாய் மேல் முப்பது துண்டாகக் கிடக்கிறது. தங்கள் வண்டிக்கு வால்வு தலையில்தானாம், நான் வாங்கிய கருவி அதற்கு அச்சாகப் பொருந்துகிறது, நான் நின்று பார்த்தேன், வெகு அழகு. சின்ன ஆணிகள் தொலையாமல் போட்டு வைக்க மோதிரப் பெட்டியைத் தங்கள் வீட்டம்மாவே கொடுத்தார்கள். மோதிரம் காமாரியாவுக்கே இருக்கட்டும் என்று தம் விரலில் மாட்டிக்கொண்டார்கள். அவர்களும் என் வீட்டாரும் உள்ளே உட்கார்ந்து ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்த பத்தாம் நாள் நிக்காஹ் என்று பேசி முடித்துவிட்டார்கள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை, தங்களைக் கேட்கும் உத்தேசமும் தெரியவில்லை. ஆகையால் மேலே ஜாமீன் என்று எழுதிய இடத்தை மட்டும் தாங்களே அடித்துக்கொள்ளவும். இதைத் தங்கள் டிரைவர் அப்துல் ரஹீம் பஸ்ஸில் கொண்டுவருகிறார். தங்கள் வீட்டம்மா இன்று இங்கேதான், ஆகவே இன்றைய சாப்பாட்டுக்குத் தாங்கள் பெரியண்ணன் வீட்டில் சொல்லி வைக்கவும், கஞ்சியானால் அவருக்கும் சௌகரியம்.