ஞானசுந்தரிக்கு அடுத்த மிடறு

சர்ச்சில் எல்லோரும் ஆளுக்கு ஒரு வாய் திராட்சரசம் குடிக்கும் திருவிருந்துப் பாத்திரம் உதட்டில் பட்ட பிறகுதான், தனக்கு முன்னால் குடித்தவள் ஞானசுந்தரி என்பது எலியாஸுக்கு உறைத்தது. ஆம்பூர் ஷூ கம்பெனியில் அவன் சூப்பர்வைசராக இருக்கும் லைனில் தையல் மெஷின் ஓட்டுபவள். அவளுக்கு எச்.ஐ.வி. என்று போன வாரம்தான் காதில் விழுந்திருந்தது.

ரசத்தை விழுங்காமல் வாயிலேயே வைத்துக்கொண்டு கடைசிப் பாட்டு வரை நின்றான். வாசலில் ஆயர் கை குலுக்கினார்.

"இன்னா எலியாஸ், சௌக்கியமா?"

பதில் சொல்ல வேண்டி விழுங்கிவிட்டான்.

அவன் மனைவி ஜெஸி நர்ஸ். கேட்டுவிட்டுச் சிரித்தாள். "ஒரே தட்டுல சாப்ட்டாலும் அது ஒட்டாதுங்க."

"உனக்கின்னா, நீ அவளுக்கு முன்னாடியே குடிச்சிட்ட."

காயம் கழுவும் மருந்தைத் தண்ணீர் கலக்காமல் தினமும் வாய் கொப்பளித்தான். வாய் வெந்துபோனது.

அடுத்த மாதத் திருவிருந்துக்கு எல்லோரையும் இடித்துக்கொண்டு முதல் ஆளாக முழங்காலிட்டான். "கமிட்டி எலெக்‌ஷன்ல நிக்கறான்போல" என்றார்கள் பின்வரிசையில். ஞானசுந்தரிக்கு மட்டும் புரிந்தது. பாத்திரம் வருமுன்பே எழுந்து வெளியே போனாள். அதன்பிறகு கோயிலுக்கு வரவில்லை. கம்பெனியிலும் சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டாள்.

எலியாஸ் கண்ணாடியில் நாக்கை நீட்டிப் பார்த்தான். "வாயெல்லாம் புண்ணு. ஆரம்பிச்சிடுச்சு ஜெஸி."

"அந்த மருந்துல வெந்த புண்ணுங்க அது. ஆஸ்பத்திரிக்கு வாங்க, டெஸ்ட் எடுத்துடலாம்."

"அங்க பாதி நர்ஸு நம்ம சபை. சாயந்தரமே ஜெபக் குறிப்புல என் பேரு வந்துடும்."

யாருக்கும் தெரியாமல் வாணியம்பாடிக்கு பஸ் ஏறினான். ஒரு சந்தில், எப்போதோ கம்பவுண்டராக இருந்தவரை எல்லோரும் டாக்டர் என்று கூப்பிட்டார்கள்.

"பேரு?"

"சாமிநாதன்" என்றான் எலியாஸ். "எந்தக் கிருமியும் அண்டாதபடி ஸ்ட்ராங்கா ஒண்ணு போடுங்க டாக்டர்."

"போட்டுடலாம். சட்டைய மடிங்க."

வெளியே வந்தபோது பல வாரங்களுக்குப் பிறகு மூச்சு சீராக வந்தது. பெஞ்சில் கையைத் தேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெண் நகர்ந்து இடம் கொடுத்தாள்.

"வலிச்சுதாண்ணே?"

"கொஞ்சம் ஜாஸ்திதான்."

"இன்னா பண்றது, காலைலேர்ந்து எங்க எல்லாருக்கும் அந்த ஒரே ஊசிதானே, முனை மழுங்கிப்போச்சு."