சம்பந்தி வீட்டு முட்டை

பாம்பூஃப்ளாட் ஜெட்டியில் ஃபெரியின் கயிற்றை அவிழ்க்கும் நேரத்தில்தான் தனபாக்கியத்துக்கு அக்கரையிலிருக்கும் டாலிகஞ்ச் நாய் ஆஸ்பத்திரியின் லைன் கிடைத்தது.

"எங்க பூந்தி சாப்பிட மாட்டேங்குது. குடம் குடமாத் தண்ணி குடிக்குது. வயிறு வேற ஊதிப்போச்சு."

மறுமுனையில் உதவியாளர் பானு, "மேடம், அது பச்சே..." என்று தொடங்க, ஃபெரி சங்கு ஊதியது. மிச்சம் கடலோடு போயிற்று.

பச்சே என்றால் பிள்ளைகள். தீவில் பிறந்தவளுக்கு அதற்கு மேல் இந்தி தேவைப்படவில்லை.

ஆபீசை மறந்து, ஃபெரியில் ஏறாமல் திரும்பி, நேராக அடுத்த வீட்டு வேலிக்குப் போனாள். அந்த வேலித் தகராறால் தங்கையாவோடு வெகுநாளாகப் பேச்சில்லை. ஆனால் வேலிக்கடியில் குழி பறித்துப் பூந்தியைப் பார்க்க வரும் ஒரே நாய் அவருடைய டைகர்.

"உங்க வீட்டுப் பையன் செஞ்ச காரியம் தெரியுமா? பூந்தி முழுகாம இருக்கா."

தங்கையா கப்பலில் சமையல் செய்து ஓய்வு பெற்றவர். எதிராளி மூச்சு வாங்கினால்தான் பேசுவார்.

"அம்மா, டைகர் வந்து..."

"டைகர் வந்ததாலதான் இந்த நிலைமை. சம்பந்தி வீடு கையை வீசிக்கிட்டு நிக்கிறது நல்லாவா இருக்கு?"

மாலையில் வேலிக்கு மேலாக ஒரு தூக்கு நிறைய முட்டை வந்தது. பூந்தி முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. மசக்கை என்று தனபாக்கியம் தீர்மானித்து, வீணாக்குவானேன் என்று தானே ஆம்லெட் போட்டுச் சாப்பிட்டாள். மறுநாள் ஆபீசில் எல்லாருக்கும் குட்டி தருவதாக வாக்குக் கொடுத்தாள். சூப்பிரண்டு தன் பங்குக்கு இரண்டு கேட்டு, பிரசவத்துக்கு லீவும் கொடுத்துவிட்டார்.

பூந்தியோ சுருண்டே கிடந்தது. தங்கையா வேலியோரம் தயங்கி நின்றார்.

"அம்மா, இது குட்டி மாதிரி தெரியலை. டைகருக்கு முன்னாடி..."

"டைகருக்கு முன்னாடி வளர்த்ததும் இதே லட்சணம்தானா? பொறுப்பைத் தட்டிக் கழிக்கப் பாக்காதீங்க."

அடுத்த நாள் காலை பூந்தி எழுந்திருக்கவில்லை. தங்கையா யாரையும் கேட்காமல் வேலியைத் தாண்டினார், போர்வையில் சுற்றினார், தோளில் போட்டுக்கொண்டு ஜெட்டிக்கு நடந்தார். ஃபெரியில் தனபாக்கியம் கொதிக்கும் அந்த மூக்கின் மேல் கையை வைத்தபடியே இருந்தாள்.

ஸ்கேன் பார்த்த டாக்டர் ஹரிஹரன் தலையை ஆட்டினார். "குட்டியே இல்லை. பச்சேதானி, அதான் கர்ப்பப்பை, முழுக்கச் சீழ். இப்பவே ஆபரேஷன் பண்ணி எடுத்தாகணும். நாளைக்கு வந்திருந்தா பிழைச்சிருக்காது."

"பச்சே... தானி," என்று முனகியபடி தனபாக்கியம் பெஞ்சில் உட்கார்ந்தாள். அன்று சங்கு விழுங்கிய பாதி இப்போதுதான் வந்து சேர்ந்தது.

வெகுநேரம் கழித்துக் கதவைத் திறந்துகொண்டு பானு வந்தாள். "பூந்தி கண்ணு முழிச்சிட்டா. வாலைக்கூட ஆட்டுறா."

தனபாக்கியம் அழுது முடித்து, மூக்கைச் சிந்தி, தங்கையாவின் பக்கம் திரும்பினாள்.

"உங்க முட்டையை எல்லாம் நானே தின்னுட்டேன். ஒண்ணுமே அறியாத பையன் மேல அபாண்டமாப் பழி போட்டேன். இனி டைகர் முகத்துல எப்படி முழிப்பேன்? நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"நானும் சொல்லத்தான்..."

"எந்த டைகர்?" பானு தங்கையாவைப் பார்த்துச் சிரித்தாள். "நம்ம டைகரா? போன வருஷம் அவளோட பச்சேதானியையும் இதே மேசைலதான் எடுத்தோம், மேடம்."