மாமனார் காரின் பிரேக் விஷயமாக

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் அக்காவைக் கட்டிக்கொண்ட ஒரே தகுதியினால் உனக்கு அத்தானாகிவிட்டவன் எழுதிக்கொள்வது. இங்கே உன் அக்கா நலம். நானும் முதுகு, முழங்கை, வலது கட்டைவிரல், தன்மானம் ஆகியவை நீங்கலாக நலம். அங்கே நீயும் தங்கச்சியும் பிள்ளைகளும் நலமாகத்தான் இருப்பீர்கள். உங்களில் யாரும் பழைய காரில் கை வைக்கவில்லையே.

விஷயத்துக்கு வருகிறேன். உன் அப்பாவின் காரை விற்றுவிடலாம். வருகிற சனிக்கிழமை நீ கூட்டிவருவதாகச் சொன்ன ஆளைத் தாராளமாகக் கூட்டிக்கொண்டு வா. இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். சொன்னால் நீ சிரிப்பாய். எப்படியும் சிரிக்கத்தான் போகிறாய், அதை என் காதில் விழாத இடத்தில் சிரி என்றுதான் கடிதம் எழுதுகிறேன்.

போன மாதம் நீ வந்திருந்தபோது நடந்தது உனக்கே தெரியும். இருந்தாலும் என் தரப்பைச் சொல்லிவிடுகிறேன். "பிரேக்கே பிடிக்காத வண்டிய ஷெட்டுல வெச்சுட்டு என்னக்கா பண்ணப் போற? கேக்கறதுக்கு ஆள் இருக்கும்போதே குடுத்துடலாம்" என்று நீ சொன்னாய். தப்பில்லை, நியாயமான பேச்சுதான். உன் அக்கா பதில் பேசாமல் காபி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். உங்கள் அப்பாவின் காரை விற்க அவளுக்கு மனமில்லை. ஒரே தம்பி கேட்கும்போது முடியாது என்று சொல்லவும் அவளுக்கு வாய் வரவில்லை. அந்த மௌனத்தைத் தாங்க முடியாமல்தான் நான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். "பிரேக்தானே? ரெண்டே நாள்ல நானே சரி பண்ணிடறேன்" என்றேன். நீ என்னைப் பார்த்தாய். உன் அக்காவும் என்னைப் பார்த்தாள். அக்கா தம்பி இருவர் முகத்திலும் ஒரே பார்வையை நான் கண்டது அன்றைக்குத்தான். உடனே அவள் நிபந்தனை போட்டாள்: "சரி. சரி பண்ணுங்க. நான்தான் ஓட்டிப் பாப்பேன். நான் மிதிச்ச இடத்துல வண்டி நிக்கணும். நின்னா வெச்சுக்கலாம், நிக்கலேன்னா தம்பி சொல்றபடி வித்துடலாம்."

என் தகுதியை நீ சந்தேகப்பட்டிருக்கலாம். நான் கொஞ்சமும் சந்தேகப்படவில்லை, அதுதான் வினை. பணியில் இருந்த காலமெல்லாம் வாகனக் காப்பீட்டு அலுவலகத்தில் உட்கார்ந்து, நொறுங்கிய கார்களின் புகைப்படங்களைப் பார்த்து, 'பிரேக் முறையாகப் பராமரிக்கப்படவில்லை, இழப்பீடு மறுக்கப்படுகிறது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவன் நான். அத்தனை பேருக்குப் பணம் இல்லையென்று சொன்னவனுக்குப் பிரேக்கைப் பற்றித் தெரியாமலா இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்போடு பழைய உடுப்பை மாட்டிக்கொண்டு, காரை நாலு பக்கமும் முட்டுக்கொடுத்துத் தூக்கி, அடியில் மல்லாக்கப் படுத்து, பெடலை மிதித்தால் ஆயிலைத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டரிலிருந்து சக்கரத்துக்குப் போகிற இரும்புக் குழாயை, அதுதான் பிரேக் லைன் என்பது, ஸ்க்ரூடிரைவரால் லேசாகத் தட்டிப் பார்த்தேன். தட்டிய இடம் பொடிப்பொடியாக என் வாயில் விழுந்தது. மீதியைக் கழற்றலாம் என்று ஸ்பேனரைப் போட்டேன். துருப்பிடித்த நட் அசையவில்லை, ஸ்பேனர் மட்டும் சுற்றியது. ஆறு மூலையோடு இருந்த நட், நான் விட்டபோது கோலிக்குண்டு மாதிரி வழவழவென்று இருந்தது. அதைப் பிறகு ரம்பத்தால் அறுத்து எடுத்தேன். கட்டைவிரல் சமாச்சாரம் அப்போது நடந்தது.

அடுத்து அளவு எடுக்க வேண்டும். பிரேக் லைன் நேராகப் போகிற வஸ்து இல்லை, மாப்பிள்ளை. ஆக்சிலைச் சுற்றி, சட்டத்தை ஒட்டி வளைந்து நெளிந்துதான் போகும். அதன் வழியே ஒரு கயிற்றைப் பிடித்து அளந்தால் சுலபம் என்று தோன்றியது. கையில் கயிறு இல்லை. கொல்லைப்புறத்தில் இருந்தது. அதில் துணி காய்ந்துகொண்டிருந்தது என்பதை, வெட்டிய பிறகுதான் கவனித்தேன். உன் அக்கா வந்து சேற்றில் கிடந்த தலையணை உறைகளைப் பார்த்தாள், என் கையிலிருந்த கயிற்றைப் பார்த்தாள், "நீங்க பிரேக்கத்தானே சரி பண்றீங்க?" என்று மட்டும் கேட்டாள். நான் ஆமாம் என்றேன்.

புதுக் குழாயை வாங்கிவந்து, அளந்து, வெட்டி, முழங்காலில் வைத்து வளைத்தேன். இனி முனையை விரிக்க வேண்டும். குழாயின் வாய் பூ விரிந்த மாதிரி இருந்தால்தான் நட் அதை அழுத்திப் பிடிக்கும், ஆயில் கசியாது. அதற்கென்று ஒரு கருவி இருக்கிறது. அதை இறுக்கி, திருகி, வியர்த்து விறுவிறுத்து விரித்தேன். அடடா, என்ன அழகு! இரண்டு முனையும் அச்சில் வார்த்தது போல வந்திருந்தன. உன் அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மேசையில் கிடந்த நட்டைக் காட்டி, "அந்த நட்ட எந்த வழியா உள்ள விடுவீங்க?" என்றாள். முனையை விரிப்பதற்கு முன்னால் நட்டைக் குழாயில் கோத்திருக்க வேண்டும். விரித்த பிறகு அது எந்த ஜென்மத்திலும் ஏறாது. போகட்டும் என்று இன்னொரு குழாய் வெட்டி, நட்டை முதலிலேயே கோத்து, விரித்து, மாட்டப் போனால் நட் முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தது. தலைகீழாகக் கோத்துவிட்டேன். மூன்றாவது குழாயில் நட் சரி, வாய் சரி, குழாய்தான் கொஞ்சம் குட்டை. நாலாவதை வாங்கப் போனபோது கடைக்காரர் என்னை வாடிக்கையாளராகப் பார்க்கவில்லை. "சார், கார் ஒண்ணா, இல்ல கம்பெனி வெச்சிருக்கீங்களா?" என்று கேட்டார்.

எல்லா லைனும் மாட்டி, பிரேக் ஆயிலும் ஊற்றினேன். ஊற்றும்போது கொஞ்சம் சிந்தி, முன்பக்கத்துப் பெயிண்ட் தோலாக உரிந்துவிட்டது. வாங்குகிறவரை அந்தப் பக்கம் நிற்க விடாதே. இனி குழாய்க்குள் இருக்கும் காற்றை வெளியேற்ற வேண்டும், காற்று இருந்தால் பெடல் அமுங்குமே தவிர பிரேக் பிடிக்காது. இதற்கு இரண்டு பேர் வேண்டும், மாப்பிள்ளை, அதிலும் ஒற்றுமையாக இருக்கும் இரண்டு பேர். ஒருவர் பெடலை மிதித்துப் பிடித்திருக்க வேண்டும். அப்போது மற்றவர் சக்கரத்துப் பக்கமிருக்கும் சின்னத் திருகைத் திறந்தால் காற்றும் ஆயிலும் வெளியே வரும். திருகை மூடிய பிறகுதான் காலை எடுக்கலாம். நடுவில் எடுத்தால் போன காற்று அத்தனையும் திரும்பி உள்ளே வந்துவிடும். உன் அக்கா மேலே, நான் கீழே.

"மிதி."

"மிதிச்சாச்சு."

"அப்படியே பிடிச்சுக்கோ."

"எவ்வளவு நேரம்?"

"நான் சொல்ற வரைக்கும்."

"இதையே கொஞ்சம் நல்ல விதமாச் சொன்னா என்ன?"

"நல்ல விதமாத்தான் சொல்றேன்."

"இதுவா நல்ல விதம்?"

உன் அக்காவுக்கு ஒரு பழக்கம் உண்டு, உனக்கும் தெரியும். முகத்தைப் பார்க்காமல் அவளால் சண்டை போட முடியாது. என் முகமோ காருக்கு அடியில் இருந்தது. அதனால் ஒவ்வொரு பதிலுக்கும் அவள் பெடலிலிருந்து காலை எடுத்து, இறங்கி, குனிந்து, என்னை நேருக்கு நேர் பார்த்துச் சொல்லிவிட்டுத்தான் மறுபடி ஏறினாள். அவள் இறங்கும்போதெல்லாம் காற்று உள்ளே ஏறியது. நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். அந்த வித்தை எனக்கு வராது.

நடுவே ஒருமுறை சண்டை ஓய்ந்திருந்தது. அப்போது முன்சக்கரம் தானாக இடதுபக்கம் திரும்பியது. கொஞ்ச நேரம் கழித்து வலதுபக்கம் திரும்பியது. "மேல என்ன பண்றே?" என்றேன். "ஒண்ணுமில்ல, சும்மா" என்றாள். நான் மெதுவாகத் தலையை வெளியே நீட்டிப் பார்த்தேன். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, கண்ணாடி வழியாக எங்கேயோ தூரத்தில் பார்த்தபடி அவள் ஓட்டிக்கொண்டிருந்தாள். முட்டுக்கொடுத்து நிற்கிற காரில் எந்த ஊருக்குப் போனாளோ! அதுவரைக்கும் உன்னிடம் ஜெயிக்க வேண்டும் என்றுதான் நான் இந்த வேலையைச் செய்தேன். அந்த நிமிஷம்தான், இந்தக் கார் அவளுக்காக நிற்க வேண்டும் என்று எனக்கு மனசார ஆசை வந்தது.

ஆசை வந்தால் போதுமா? அவள் ஓட்டுவதற்கு முன் நான் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று நேற்றுக் காலை வண்டியைக் கீழே இறக்கி, வாசல் சரிவில் மெல்ல விட்டேன். மிதித்தேன். பெடல் தரைவரைக்கும் போய் அங்கேயே உட்கார்ந்துகொண்டது. ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன், அது முழுசாகக் கையோடு வந்துவிட்டது. வண்டி அவசரப்படவே இல்லை. ஆள் நடக்கிற வேகத்தில் தெருவைக் கடந்து, எதிர்வீட்டுப் பல் டாக்டரின் செடிவேலிக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டுதான் நின்றது. அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "வாங்க சார், நடந்தே வந்திருக்கலாமே" என்றார். அவரும் நானும் பால் போடுகிறவரும் சேர்ந்து தள்ளிக்கொண்டு வந்து ஷெட்டுக்குள் விட்டோம். உன் அக்கா மாடியிலிருந்து எல்லாவற்றையும் பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை. நேற்றிலிருந்து வீட்டில் பேச்சே இல்லை.

ஆகவே மாப்பிள்ளை, தோற்றது நான்தான், அவள் இல்லை என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு வா. சனிக்கிழமை அவள் முன்னால் விலையைப் பற்றிப் பேச வேண்டாம், சிரிக்கவும் வேண்டாம். வண்டி வாசலைத் தாண்டும்போது அவள் சமையலறையில் இருக்கும்படி நான் பார்த்துக்கொள்கிறேன். தங்கச்சிக்கு என் அன்பு. பிள்ளைகளுக்கு என் ஆசி: நன்றாகப் படிக்கட்டும், தெரியாத வேலையைத் தெரியும் என்று சொல்லாமல் வளரட்டும்.

இப்படிக்கு,
கட்டைவிரலில் கட்டுப் போட்டிருக்கும்
உன் அத்தான்

பி.கு.: அந்த ஆளைக் கூட்டிவர வேண்டாம். கடிதத்தை உறையில் போட்டு ஒட்டப்போகும் நேரத்தில் ஷெட்டிலிருந்து ஹாரன் சத்தம் வந்தது. போய்ப் பார்த்தால், உன் அக்கா டிரைவர் சீட்டில் நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். பேச்சுவார்த்தை இல்லாததால் நானும் ஒன்றும் கேட்காமல் வண்டியை மறுபடி முட்டுக்கொடுத்துத் தூக்கி, அடியில் போய்ப் படுத்தேன். ஸ்பேனரால் ஒரு தட்டுத் தட்டினேன், மிதித்தாள். திருகை மூடிவிட்டு இரண்டு தட்டுத் தட்டினேன், காலை எடுத்தாள். நாலு சக்கரத்துக்கும் அப்படியே செய்து முடித்தோம். சண்டை போட ஒரு வார்த்தையும் இல்லாததால் காற்று உள்ளே வர வழியே இல்லாமல் போய்விட்டது. பெடல் கல் மாதிரி நின்றது. முட்டுகளை எடுத்ததும், நான் எழுந்து கையைத் துடைப்பதற்குள் அவள் வண்டியைத் தெருவில் இறக்கிவிட்டாள். நான் செருப்பில்லாமல் பின்னால் ஓடினேன். தெருக்கோடியில் நாலு ரோடும் சேருகிற இடத்தில் பஸ் வந்தது, மிதித்தாள், நின்றது. நின்றது நின்றதுதான், மாப்பிள்ளை, அப்புறம் நகரவே இல்லை. பார்வைக்கு நன்றாக இருக்கிறதே என்று சக்கரத்தோரத்து ரப்பர் குழாய்களை நான் மாற்றாமல் விட்டிருந்தேன். அவை உள்ளே உப்பி அடைத்துக்கொண்டு, போன ஆயிலைத் திரும்ப விடமாட்டேன் என்கின்றன, பிடித்த பிரேக் பிடித்தபடியே இருக்கிறது. ஜன்னல் வழியாக மெதுவாகச் சொன்னேன், "கிளம்ப மாட்டேங்குதும்மா." நேற்றிலிருந்து முதல்முறையாக என்னோடு பேசினாள்: "நான் மிதிச்ச இடத்துல நின்னுச்சா இல்லையா?" "நின்னுச்சு." "அப்ப விக்கறதில்ல. கிளம்பணும்னு நான் சொல்லவே இல்லியே." பஸ்காரர் ஹாரன் அடிக்கிறார், பின்னால் இன்னும் நாலைந்து வண்டிகள். அவள் இறங்குவதாக இல்லை. நீ சனிக்கிழமை வரும்போது புது ரப்பர் குழாய்கள் மட்டும் வாங்கி வா. சட்டைப்பையில் செருகியிருந்த கடிதத்தை எடுத்து, அந்தக் காரின் முன்பக்கத்தில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். எழுத்து நடுங்குவதைப் பார்த்து அத்தான் அழுகிறான் என்று நினைத்துக்கொள்ளாதே. எஞ்சினை அணைக்க மாட்டேன் என்கிறாள் உன் அக்கா.