மலையைத் துளைச்சு வந்த பன்னெண்டு

இல்லைங்கற வார்த்தை என் வாயில வராது. அரிசி தீர்ந்துபோனாகூட 'நிறைஞ்சிருக்கு'ன்னுதான் சொல்லுவேன். எங்கம்மா வளர்த்த வளர்ப்பு அப்படி. அந்த வளர்ப்பாலதான் ஒருத்தரோட படிப்பையும் கல்யாணத்தையும் ஒண்ணா கெடுத்தேன்.

எழுபதுகளோட கடைசி. என் கொழுந்தன் சேகர் மெட்ராஸ்ல பௌதிகத்துல டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி பண்ணிக்கிட்டிருந்தாரு. அடி அண்ணாமலையில எங்க வீட்டுக்குப் பின்னால, மலையைப் பார்த்த கல் ரூம்ல (மல்லாட்டை, அதான் வேர்க்கடலை மூட்டை அடுக்கற ரூம்தான்) மூணு பெட்டியை வரிசையா வெச்சாரு. அணுவைவிடச் சின்னதா ஒரு துகளாம். அது மலையையே துளைச்சுக்கிட்டு இந்தப் பக்கம் வருதான்னு பார்க்கணுமாம். வந்தா மூணு பெட்டிக்கும் ஒரே நேரத்துல தெரியுமாம், பக்கத்துல இருக்கற மீட்டர்ல நம்பர் ஒண்ணு ஏறுமாம்.

"எல்லாரும் கிரிவலமா மலையைச் சுத்தித்தான் வராங்க தம்பி. துளைச்சுக்கிட்டு எவன் வருவான்?"ன்னேன்.

"அதைத்தான் கண்டுபிடிக்கணும் அண்ணி."

அவருக்குக் கீழ்பென்னாத்தூர்ல பொண்ணு பேசி வெச்சிருந்தோம். அந்தப் பொண்ணுன்னா அவருக்கு உசுரு. ஆனா, "தைக்குள்ள படிப்பு முடியணும், முடியலைன்னா வேற இடம் பார்த்துடுவேன்"னு பொண்ணோட அப்பா கறாரா சொல்லிட்டாரு.

அந்த நேரம் பார்த்து, பசங்களுக்கு லேப் எடுக்கணும்னு காலேஜ்ல மூணு மாசம் கூப்பிட்டுட்டாங்க. நோட்டை என் கையில கொடுத்தாரு. தினம் காலையில மீட்டர் நம்பரை எழுதிட்டு, பொத்தானை அமுக்கித் திரும்பப் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவரணும், அவ்ளோதான். நான் ரெண்டாங்கிளாஸ். எழுத்து தகராறு, நம்பர் சுத்தமா வரும். ஊர்ல எத்தனை பொம்பளைக்கு இப்படி ஒரு வேலை கிடைக்கும்? தெரு பூரா சொல்லிட்டு வந்தேன்.

முதல் நாள் பூஜ்ஜியம். மறுநாளும் பூஜ்ஜியம். மூணாம் நாள் ஆடி வெள்ளி. தலைக்குக் குளிச்சு, கோலம் போட்டு, விளக்கேத்தி, அந்தக் கையால முட்டை போடறதா? மொய்யிலகூட வெறும் நூறா வெக்காம ஒண்ணு சேர்த்து வெக்கற ஜனம் நாம. மங்கலமா ஒண்ணுன்னு எழுதினேன். அப்புறம் வெள்ளி தவறாம எழுதினேன்.

ஐப்பசியில வந்தவரு நோட்டைப் புரட்டினாரு. முகம் வெளுத்துப்போச்சு. அப்புறம் சிரிச்சாரு, அழுதாரு, எங்க வீட்டுக்காரரைத் தூக்கி ஒரு சுத்து சுத்தினாரு (அவரு எண்பது கிலோ!). "பன்னெண்டு தடவ வந்திருக்கு அண்ணி!" புரொபசருக்குத் தந்தி பறந்தது.

ரெண்டாம் நாளே புரொபசர் கார்ல வந்துட்டாரு. வடை, பாயசத்தோட இலை போட்டேன். சாப்பிட்டுக்கிட்டே நோட்டைப் பார்த்தவரு, இடது கை விரலை விட்டு ஏழு ஏழா எண்ணினாரு.

"ஏம்மா, வெள்ளிக்கிழமை மட்டும் எப்படி வருது? பக்கத்துல மில்லு கில்லு ஓடுதா?"

முந்தானையை இழுத்துச் சொருகிக்கிட்டு பெருமையா முன்னால வந்தேன். "மில்லு ஏதுங்க ஐயா? நல்ல நாள்ல முட்டை போடக்கூடாதுன்னு நான்தான் ஒண்ணு போட்டேன்."

சேகர் கையில இருந்த வடை இலையில விழுந்துச்சு.

"மத்த நாளெல்லாம் நிஜங்க! சூடம் அணைச்சு சத்தியம் பண்றேன்."

"நீங்க பண்ணுவீங்கம்மா. அந்தச் சூடத்தை நான் எந்தப் பக்கத்துல அச்சடிக்கறது?"ன்னு கேட்டாரு புரொபசர். பாயசத்தை மிச்சம் வெக்காம குடிச்சாரு. "சேகர், மூணு மாசத்தையும் தூக்கிப் போட்டுடு. முதல்லேருந்து ஆரம்பி"ன்னுட்டு கார்ல ஏறிட்டாரு.

தையில அந்தப் பொண்ணுக்கு வேற மாப்பிள்ளையோட கல்யாணம் ஆச்சு. அன்னைக்குப் பூரா சேகர் கல் ரூம்ல மீட்டர் முன்னாடி உட்காந்திருந்தாரு. நான் கொண்டுபோய் வெச்ச சோறு அப்படியே காஞ்சுது. கால்ல விழுந்துடலாமான்னு இருந்துச்சு. அண்ணி கொழுந்தன் கால்ல விழக்கூடாதாச்சே. கதவுகிட்டயே நின்னுட்டு வந்துட்டேன்.

மொத்தம் ஆறு மாசக் கணக்கு வேணுமாம், முதல்லேருந்து அவரே எழுதினாரு. அத்தனையும் பூஜ்ஜியம். அந்தப் பூஜ்ஜியத்துக்கே டாக்டர் பட்டம் கொடுத்தாங்க! எதுவும் வரலைன்னு நிரூபிக்கறதும் ஆராய்ச்சிதானாம். உள்ளதை உள்ளபடி நான் எழுதியிருந்தா தைக்குள்ளயே முடிஞ்சிருக்கும்.

பின்னால வேற இடத்துல கல்யாணம் பண்ணிக்கிட்டு நல்லாத்தான் இருக்காரு. வீட்ல விசேஷம்னா, பந்திக்கு எத்தனை பேர்னு நான் சொன்னதும் அவரு சம்சாரம், "அக்கா, இது வெள்ளிக்கிழமைக் கணக்கா?"ம்பா. வீடே சிரிக்கும். சேகர் மட்டும் சிரிக்கமாட்டாரு. எழுந்து போய் ஒவ்வொரு தலையா அவரே எண்ணிட்டு வருவாரு. என் கணக்கு ஒரு தடவகூடத் தப்பினதில்ல. இருந்தாலும் எண்ணுவாரு.